ஐந்து ஆட்சிகளுக்குச் சுட்ட படை: டச்சு 'மஞ்சள் குதிரையாளர்கள்', 1793–1815

#1 கந்தகப்புகை

நெப்போலியன் காலப் போர்கள் என்று பேச்செடுத்தாலே பிரான்ஸ், பிரிட்டன், பிரஷ்யா, ரஷ்யா என்று நாலு பேரோடு முடித்துக்கொள்கிறோம். ஒரு சின்னப் படையைப் பிடித்துக்கொண்டு அதன் பணி வரலாற்றைத் தொடக்கம் முதல் பார்த்தால் அந்தக் காலமே வேறு மாதிரித் தெரிகிறது. நான் பிடித்துக்கொண்டது நெதர்லாந்தின் குதிரைப் பீரங்கிப்படை. சீருடையில் ஓடும் மஞ்சள் பின்னலால் 'மஞ்சள் குதிரையாளர்கள்' என்று பட்டப்பெயர். அதன் வாரிசுப் பிரிவு இன்றும் அந்நாட்டு ராணுவத்தில் இருக்கிறது.

பிறந்த நாள் 1793 பிப்ரவரி 21. பிப்ரவரி 1ஆம் தேதிதான் பாரிஸ் பேரவை பிரிட்டன் மீதும் டச்சு ஸ்டாட்ஹவுடர் (குடியரசின் பரம்பரைத் தலைவர்) ஐந்தாம் வில்லியம் மீதும் போர் அறிவித்திருந்தது. மூன்று வாரத்துக்குள் அவசர அவசரமாக இந்தப் படை எழுகிறது. குதிரைப் பீரங்கியை முதலில் ஒழுங்காக நடத்திக் காட்டியவர் பிரஷ்யாவின் ஃபிரெடரிக். பிரெஞ்சுக்காரர்கள் 1792இல் அதைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டார்கள். பிரிட்டனும் அதே 1793 தொடக்கத்தில்தான் ஆரம்பித்தது. ஆக, பிரெஞ்சுக் குடியரசை அடிப்பதற்காகப் பிறந்த படை இது.

இரண்டு வருடம் ஓடவில்லை. 1795 ஜனவரியில் ஆறுகள் எல்லாம் உறைந்து கிடக்க, பிரெஞ்சுப் படை பனிக்கட்டி மேலேயே நடந்து வந்துவிட்டது. ஸ்டாட்ஹவுடர் ஸ்கெவனிங்கன் கரையில் மீன்பிடி படகேறி இங்கிலாந்துக்குப் போனார். படை போகவில்லை. புதிய பட்டாவியக் குடியரசின் படையாக மாறி, யாரை எதிர்க்கப் பிறந்ததோ அவர்களுக்கே கூட்டாளியானது.

1799 ஆகஸ்டில் பிரிட்டிஷாரும் ரஷ்யர்களும் வட ஹாலந்தில் இறங்குகிறார்கள். ஸ்டாட்ஹவுடரின் ஆரஞ்சு வம்சத்து இளவரசரும் அவர்கள் பக்கம். டச்சுக்காரர்கள் தங்கள் பழைய கொடியைக் கண்டதும் ஓடி வந்து சேர்ந்துகொள்வார்கள் என்பது கணக்கு. கடற்படை அந்தக் கணக்குப்படியே நடந்தது. ஆகஸ்ட் 30 அன்று ஃப்ளீட்டர் கால்வாயில் மாலுமிகள் சுட மறுக்க, அட்மிரல் ஸ்டோரியின் கப்பல்கள் சண்டையில்லாமல் கைமாறின. தரைப்படை அப்படிச் செய்யவில்லை. டேன்டெல்ஸ், டூமொன்சோ தலைமையில் பிரெஞ்சு ஜெனரல் புரூனோடு சேர்ந்து நின்றது. பெர்கன், காஸ்ட்ரிக்கம் என்று சண்டை நடந்து, அக்டோபர் 18இல் ஆல்க்மார் உடன்படிக்கையோடு வந்தவர்கள் கப்பலேறிப் போனார்கள். இந்த 1799ஐ மனதில் வையுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அப்புறம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1805இல் டூமொன்சோவின் பிரிவு பிரெஞ்சு ஜெனரல் மார்மோன் கீழே உல்ம் படையெடுப்பில். 1806இல் குடியரசு போய் ஹாலந்து ராஜ்ஜியம், நெப்போலியனின் தம்பி லூயி அரசர். 1807இல் ஃப்ரீட்லாண்ட், மோர்த்தியே படையில் டச்சுக் குதிரைப்படையும் பீரங்கியும். 1808இலிருந்து ஸ்பெயின்: ஷாஸேயின் டச்சுப் படையணி, அதோடு ஒரு பீரங்கிக் கம்பெனி, மேசாஸ் டி இபோர், தலவேரா, அல்மோனசித், ஒக்கான்யா. 1810 ஜூலையில் அண்ணன் தம்பியின் ராஜ்ஜியத்தையே விழுங்கிவிட, டச்சுக் குதிரைப் பீரங்கி பிரெஞ்சு ராணுவத்தின் 7ஆவது குதிரைப் பீரங்கி ரெஜிமென்ட் ஆனது. காலாட்பீரங்கி 9ஆவது ரெஜிமென்ட் ஆனது. அடுத்த வருடமே அந்த 7ஆவதும் கலைக்கப்பட்டு, ஆட்கள் 1ஆவது, 4ஆவது ரெஜிமென்ட்களுக்குப் பங்கிடப்பட்டார்கள்.

1812 ரஷ்யா. 1813 நவம்பரில் ஹாலந்தில் கிளர்ச்சி. 30ஆம் தேதி ஸ்டாட்ஹவுடரின் மகன் அதே ஸ்கெவனிங்கன் கரையில் இறங்கினார். 1814இல் குதிரைப் பீரங்கி மறுபடி கட்டப்பட்டது. 1815 ஜூனில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் பக்கம் நின்று நெப்போலியனைச் சுட்டது.

டச்சுக் குடியரசு, பட்டாவியக் குடியரசு, ஹாலந்து ராஜ்ஜியம், பிரெஞ்சுப் பேரரசு, புதிய நெதர்லாந்து. 22 வருடத்தில் ஐந்து. ஆங்கிலப் புத்தகங்கள் இந்த மாற்றங்களை மட்டும் பார்த்துவிட்டு "நம்ப முடியாத ஆட்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. பீரங்கி எங்கே நின்றது, எப்போது சுட்டது என்று பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது என்பது என் வாதம். 1815ஐத் தனிப் பதிவாகப் போடுகிறேன்.

#2 செங்கோட்டு வீரன்

நல்ல தொகுப்பு. ஆனால் வாதம் எனக்கு ஏறவில்லை.

ஐந்து எஜமானர்களுக்குச் சுட்டவன் ஆறாவது வந்தால் அவனுக்கும் சுடுவான். வெலிங்டன் இவர்களைச் சந்தேகப்பட்டதில் என்ன தப்பு? 1814 ஏப்ரல் வரை பிரெஞ்சுச் சம்பளம் வாங்கியவர்கள், 1815 ஜூனில் பிரெஞ்சுக்காரனைச் சுடப்போகிறார்கள். சாதாரணப் புத்தி உள்ள எந்தத் தளபதியும் அவர்களைத் தன் ஆட்களுக்கு இடையில் பிரித்துப் போட்டு நிறுத்துவான். அவரும் அதைத்தான் செய்தார்.

ஷாஸேயையே எடுங்கள். 1809 தலவேராவில் பிரெஞ்சு ஜெனரல் லெவாலின் பிரிவில் நின்று வெலிங்டனோடு மோதியவர். அந்தப் பிரிவின் பீரங்கிகள் பலவற்றை அன்றைக்குப் பிரிட்டிஷார் பிடித்தார்கள். 1814இல் பார்-சூர்-ஓப் பக்கம் நெப்போலியனுக்காக ரத்தம் சிந்தி 'ஜெனரல் பயனெட்' என்று பேர் வாங்கியவர். அடுத்த வருடம் அதே வெலிங்டன் கீழே டிவிஷன் கமாண்டர். பிரிட்டிஷ் அதிகாரி சைபோர்ன் 1844இல் எழுதிய வாட்டர்லூ வரலாறு இவர்களைப் பற்றிக் கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

#3 மின்மினி

இடையில் ஒரு அடிப்படைக் கேள்வி. எல்லாப் பீரங்கியையும் குதிரைதானே இழுக்கும்? அப்புறம் 'குதிரைப் பீரங்கி' என்று தனியாக ஏன்?

#4 ஓய்வுபெற்ற கன்னர்

நல்ல கேள்வி. சொல்றேன்.

வண்டியைக் குதிரை இழுக்கும், சரி. கன்னர் எப்படிப் போறான்? காலாட்பீரங்கியில அவன் வண்டி பக்கத்துல நடக்கிறான். அப்ப பீரங்கியோட வேகம் அவன் கால் வேகம்தான். குதிரைப் பீரங்கியில ஒவ்வொரு கன்னருக்கும் தனிக் குதிரை. குதிரைப்படை பாயற இடத்துக்கு அவனும் பாய்வான், இறங்குவான், ரெண்டு மூணு ஆள் குதிரையைப் பிடிச்சுக்குவான், மத்தவன் பீரங்கியைக் கழட்டித் திருப்பிச் சுடுவான். திரும்ப மாட்டுவான், ஓடுவான்.

அந்தக் கால டச்சு பேட்டரின்னா எட்டு பீரங்கி: ஆறு 6 பவுண்டர், ரெண்டு ஹவிட்சர். 6 பவுண்டர்னா குண்டோட எடை ஆறு பவுண்டு, மூணு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மி. கெட்டிக் குண்டு தரையில குதிச்சுக் குதிச்சுப் போகும், 700, 800 மீட்டர் வரைக்கும் ஒழுங்கா அடிக்கலாம். ஆளு 300 மீட்டருக்குள்ள வந்துட்டா தகர டப்பாவுல ரவை அடைச்ச சிதறுகுண்டு. வாயை விட்டு வெளிய வந்ததும் டப்பா பிஞ்சுடும். நெருக்கமா வர்ற காலாட்படை வரிசையில அது என்ன பண்ணும்னு நான் எழுத வேணாம். ஹவிட்சர் மேட்டுக்குப் பின்னாடி இருக்கிறவனுக்கு.

இதுல எது கஷ்டம்னு கேட்டா முன்னேறிச் சுடுறது இல்ல. பின்வாங்கிக்கிட்டே சுடுறது. நாலு பீரங்கி சுடும், நாலு பின்னால போகும், அது நின்னு சுடும், இது போகும். ஒரு நிமிஷம் தாமதமானா எதிரிக் குதிரைப்படை வெட்டிப் போட்டுட்டுப் பீரங்கியை இழுத்துட்டுப் போயிடும். அதுக்குப் பழகின ஆளு வேணும். செங்கோட்டு வீரன் தம்பி 'எஜமான்' கணக்குப் பார்க்கிறாரு. நான் பழகின ஆளா இல்லையான்னுதான் பார்ப்பேன். 22 வருஷம் ஐந்து கொடிக்குக் கீழ சுட்டவன்னா பழகினவன்தான்.

#5 கோட்டையடி

ஐந்தாம் வில்லியம் எண்ட பேர் வந்தபடியால் எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லவேணும். படகேறி இங்கிலாந்துக்குப் போன அதே ஆள், 1795 பெப்ரவரியில கியூ மாளிகையில இருந்து ஒல்லாந்தக் குடியேற்ற நாட்டு ஆளுநர்களுக்குக் கடிதம் போட்டவர். ஆங்கிலேயப் படை வந்தால் உள்ளுக்கு விடுங்கோ, அவை எங்கட நண்பர்கள் எண்டு. இஞ்ச அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் பேச்சுத் தொடங்கினது. திருகோணமலை ஆகஸ்ட் கடைசியில விழுந்தது, யாழ்ப்பாணக் கோட்டை செப்டம்பர் 28 இல் கையளிக்கப்பட்டது, கொழும்பு 1796 பெப்ரவரியில. யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்தவைக்குத் தெரியும், அவ்வளவு பெரிய ஐங்கோணக் கோட்டை, சண்டை ஒண்டும் நடக்கேல்லை.

இன்னொண்டு. கொழும்பில ஒல்லாந்தற்ற சம்பளத்தில இருந்த டி மியூரோன் எண்ட சுவிஸ் ரெஜிமென்ட், 1795 இல் ஆங்கிலேயர் பக்கம் மாறினது. நாலு வருசம் கழிச்சு 1799 இல் திப்புவுக்கு எதிரா ஸ்ரீரங்கப்பட்டணத்தில நிண்டவை. கட்சி மாறினால் நம்பேலாது எண்டால், அந்த ரெஜிமென்ட்டை ஆங்கிலேயர் எப்பிடி நம்பினவை? அங்க கூடவே நிண்ட கேணல் ஆர்தர் வெல்லஸ்லிதான் பிறகு வெலிங்டன் ஆனவர்.

#6 இழைக் காவலர்

இலங்கை ஒல்லாந்தர் கோட்டைகளுக்குத் தனி இழை இருக்கிறது. கோட்டையடி, உங்கள் பதிவை அங்கேயும் நகலெடுத்துப் போட்டிருக்கிறேன். இங்கே பீரங்கிப்படை.

#7 கந்தகப்புகை

கோட்டையடியின் கடைசி வரி எனக்குப் பெரிய உதவி, நன்றி. இப்போது 1815 ஜூன் 15 மாலை, வாட்டர்லூவுக்கு மூன்று நாள் முன்பு.

பெல்ஜியத்தில் ஃப்ரான் என்ற கிராமம். அதற்கு வடக்கே நாலு கிலோமீட்டர் அளவில் கத்ர் பிரா என்ற நாற்சந்தி. நிவெல்–நமூர் சாலையும் பிரசல்ஸ்–ஷார்லெருவா சாலையும் வெட்டுகிற இடம். அது போனால் வெலிங்டனும் பிரஷ்யத் தளபதி ப்ளூஹரும் கைகோக்கும் சாலை போச்சு. அன்று மாலை அங்கே ஒரு பிரிட்டிஷ் சிப்பாய்கூட இல்லை. ஃப்ரானில் இருந்தது நசாவ் என்ற ஜெர்மன் சிற்றரசின் 2ஆவது ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாலியன், மேஜர் நோர்மன் தலைமையில். கூட கேப்டன் ஆட்ரியான் பைலஃபெல்டின் டச்சுக் குதிரைப் பீரங்கி பேட்டரி.

எதிரே வந்தது லெஃபெவ்ர்-தெனுவெத்தின் தலைமையில் நெப்போலியனின் பேரரசக் காவற்படை இலகு குதிரைப்படை. அதில் கோல்பேரின் சிவப்பு ஈட்டிவீரர்கள். இந்த ரெஜிமென்ட் எங்கிருந்து வந்தது தெரியுமா? லூயி அரசரின் டச்சுக் காவற்படை ஹுசார்கள்தான் 1810 இணைப்புக்குப் பிறகு பேரரசக் காவற்படையின் 2ஆவது ஈட்டி ரெஜிமென்ட் ஆனார்கள். ஐந்து வருடம் முன்பு ஒரே அரசரின் படை. ரஷ்யாவில் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்து, 1815இல் அந்த ரெஜிமென்ட்டில் பெரும்பகுதி பிரெஞ்சுக்காரர்கள்தான், ஆனாலும் பெயரும் சீருடையும் அதே. பைலஃபெல்டின் ஆட்களுக்கு அந்தச் சிவப்புச் சட்டை யாருடையது என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

செங்கோட்டு வீரன் சொல்கிற அந்த 'நம்ப முடியாமை'யைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. மேலதிகாரி பக்கத்தில் இல்லை, பிரிட்டிஷ்காரன் கண் பார்வையில் இல்லை, எதிரே பழைய தோழர்கள். பேட்டரி சுட்டது. பிறகு கன்னர் ஐயா சொன்ன அதே வேலை: சுட்டுக்கொண்டே கத்ர் பிரா நோக்கிப் பின்வாங்கல். ஒரு பீரங்கியையும் விடவில்லை. ஈட்டிவீரர்கள் காலாட்படைத் துணை இல்லாமல் நாற்சந்தியைப் பிடிக்க முடியாமல் நின்றுவிட்டார்கள். எதிரே 1,500 காலாட்படையும் 8 பீரங்கியும் இருந்ததாக லெஃபெவ்ர்-தெனுவெத்தே அன்று இரவு அறிக்கை அனுப்பினார். அந்த எட்டும் பைலஃபெல்டினுடையவை.

நசாவ்காரர்களைப் பற்றியும் ஒன்று. இதே நசாவ் 2ஆவது ரெஜிமென்ட் ஸ்பெயினில் ஷாஸேயின் டச்சுக்காரர்களோடு லெவால் பிரிவில் இருந்தது. 1813 டிசம்பரில் கர்னல் க்ரூஸெ அவர்களை பயோன் அருகே அப்படியே பிரிட்டிஷ் பக்கம் நடத்திக்கொண்டு வந்துவிட்டார்.

நாற்சந்தியில் நசாவ் படையணியைத் திரட்டியவர் சாக்ஸ-வைமார் இளவரசர் பெர்ன்ஹார்ட், வயது 23. அன்று இரவு வெலிங்டனின் உத்தரவு நிவெல்லில் குவியச் சொன்னது. அதாவது நாற்சந்தியை விட்டுவிட்டு. நெதர்லாந்துப் படைத் தலைமை அதிகாரி கான்ஸ்டன்ட் ரெபெக்கும் டிவிஷன் தளபதி பெர்ப்போன்ஷேயும் அங்கேயே நிற்பது என்று முடிவெடுத்தார்கள். வெலிங்டனைக் காப்பாற்றிய முடிவு அது.

மறுநாள் 16ஆம் தேதி பிற்பகல் 2 மணி வாக்கில் பிரெஞ்சு மார்ஷல் நே தாக்கியபோது எதிரே இருந்தது சுமார் 8,000 பேர், 16 பீரங்கி: பைலஃபெல்டின் எட்டு, கேப்டன் ஸ்டீவனாரின் காலாட்பீரங்கி எட்டு. பிரெஞ்சுப் பீரங்கி எண்ணிக்கையிலும் கனத்திலும் மேல். ஸ்டீவனார் அங்கேயே விழுந்தார். அவர் பேட்டரியைக் குதிரைப்படை மிதித்துக்கொண்டு போனது. பிக்டனின் பிரிட்டிஷ் டிவிஷன் வந்து சேரும்வரை ஒரு மணி நேரம் போல இந்த 16 பீரங்கியும் பெர்ப்போன்ஷே டிவிஷனும் தனியாக நின்றன. வான் மெர்லனின் இலகு குதிரைப்படை வந்ததும் கூட அந்த நேரத்தில்தான். மெர்லனும் ஒரு காலத்தில் சிவப்பு ஈட்டிவீரர்களில் அதிகாரியாக இருந்தவர். இரண்டு நாள் கழித்து வாட்டர்லூவில் இறந்தார்.

அவருடைய பெல்ஜிய 5ஆவது இலகு டிராகூன்கள் சண்டை முடிந்து திரும்பி வரும்போது ஸ்காட்லாந்துக்காரர்கள் அவர்களைப் பிரெஞ்சுக்காரர் என்று நினைத்துச் சுட்டார்கள், சீருடை அப்படி. 'ஓடி வந்தார்கள்' என்று எழுதப்பட்டவர்களில் இந்த மாதிரி ஆட்கள் எத்தனை பேர் என்று யோசியுங்கள்.

#8 செங்கோட்டு வீரன்

ஃப்ரானை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் தடையில்லை. பைலஃபெல்ட் நல்ல அதிகாரி. ஒரு பேட்டரியை வைத்து முழுப் பீரங்கிப்படைக்கும் சான்றிதழ் கொடுக்க முடியுமா?

மெர்சர் என்ற பிரிட்டிஷ் குதிரைப் பீரங்கி கேப்டனின் நாட்குறிப்பைப் பாருங்கள். வாட்டர்லூ மாலையில் அவருடைய பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு பெல்ஜியக் குதிரைப் பீரங்கி வந்து நிற்கிறது. எல்லோரும் மூக்கு முட்டக் குடித்திருக்கிறார்கள், எந்தப் பக்கம் சுடுகிறோம் என்பதே தெரியவில்லை என்று எழுதுகிறார். அவர் நேரில் பார்த்தவர், அதுவும் அதே தொழில். காலாட்படைக்காரன் வம்பு பேசுகிற மாதிரி இதைத் தள்ளிவிட முடியாது.

#9 பகடை ஆறு

நான் மேசைப் போர் விளையாட்டு ஆள். எங்கள் விதிப்புத்தகத்தில் டச்சு-பெல்ஜியப் பீரங்கிக்கு மொரால் பாயின்ட் மிகக் குறைவு. முதல் குதிரைப்படைத் தாக்குதலிலேயே ஓடிவிடும். அதனால் விளையாட்டில் யாருமே கத்ர் பிராவை 15ஆம் தேதியிலிருந்து தொடங்குவதில்லை, தொடங்கினால் நே அரை மணியில் ஜெயித்துவிடுவார். இங்கே படித்ததை வைத்துப் பார்த்தால் விதி எழுதியவர் சைபோர்னை மட்டும்தான் படித்திருக்கிறார் போல.

ஒரு சந்தேகம். வாட்டர்லூவில் கிராமர் என்ற கேப்டனின் பெல்ஜிய பேட்டரிதான் பேரரசக் காவற்படையைத் தடுத்தது என்று பெல்ஜியர்கள் சொல்கிறார்களே, அது உண்மையா, தேசப் பெருமையா?

#10 ஓய்வுபெற்ற கன்னர்

மெர்சர் விஷயத்துல ஒண்ணு விட்டுப்போச்சு தம்பி. அவரு பேட்டரியைப் பக்கவாட்டுல இருந்து ஒரு பேட்டரி நொறுக்கிட்டு இருந்துச்சு, அது பிரஷ்யக் கூட்டாளிங்கன்னு அவருக்கே அப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு. அவரோட குதிரைங்க பாதிக்கு மேல போயாச்சு. அந்தக் 'குடிகாரன்' பேட்டரி வந்து சுட்டப்புறம்தான் அந்தத் தொல்லை அடங்குச்சு. அவரே எழுதினதுதான். குடிச்சிருந்தாங்களா, இருக்கலாம். அன்னைக்கு அந்த மேட்டுல சாராயம் குடிக்காத ஆளைத் தேடினா ஒரு பட்டாலியன் கூடத் தேறாது. பிரிட்டிஷ்காரனுக்கு ரம் ரேஷனே உண்டு.

#11 கந்தகப்புகை

பகடை ஆறு, இரண்டுமே கொஞ்சம் கொஞ்சம். நடந்தது இது.

ஷாஸேயின் 3ஆவது டிவிஷன் 18ஆம் தேதி காலை ப்ரெய்ன்-லலூ ஊரில், வலது ஓரத்தில் கிடந்தது. பிற்பகலில் நடுப்பகுதிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அவரிடம் இரண்டு பேட்டரி: கேப்டன் கிராமர் தெ பிஷின் தலைமையில் குதிரைப் பீரங்கி, லூக்ஸ் தலைமையில் காலாட்பீரங்கி. இரண்டுக்கும் மேலே மேஜர் ஃபான் டெர் ஸ்மிஸ்ஸன். பேட்டரிகள் பெல்ஜியருடையவை, டிவிஷன் தளபதி டச்சுக்காரர்.

மாலை 7 மணி தாண்டி, பேரரசக் காவற்படையின் நடுத்தரக் காவல் பட்டாலியன்கள் மேடேறுகின்றன. முன்வரிசையில் இருந்த பிரிட்டிஷ் பேட்டரிகளில் குண்டு தீர்ந்து சுடுவது குறைந்துவிட்டது. ஹால்கெட்டின் பிரிட்டிஷ் படையணி காலையிலிருந்து அடி வாங்கித் தள்ளாடுகிறது. இதைப் பார்த்த ஷாஸே யாரிடமும் அனுமதி கேட்காமல் கிராமரின் பேட்டரியை மேட்டுக்கு ஓடவிட்டார். புத்தம்புது பேட்டரி, பெட்டி நிறையக் குண்டு, மிகக் கிட்டத்தில் சிதறுகுண்டு. பிறகு அவர் டிவிஷனைச் சேர்ந்த டெட்மெர்ஸின் சுமார் 3,000 பேர் கொண்ட படையணி துப்பாக்கிக் கத்தியோடு கீழே இறங்கியது.

கிராமர் மட்டும் தடுத்தார் என்று சொன்னால் அது பெருமைப் பேச்சு. ஹால்கெட்டின் ஆட்கள் சுட்டார்கள். இன்னும் வலப்பக்கம் மேட்லண்டின் பிரிட்டிஷ் காவற்படை, கோல்போர்னின் 52ஆவது ரெஜிமென்ட் தனியாக இன்னொரு அணியைச் சந்தித்தன. ஆனால் ஹால்கெட்டின் முன்னால் வந்த பட்டாலியன்கள் உடைந்ததில் கிராமரின் பங்கு பெரியது. இதற்கு சாட்சி பெல்ஜியர் இல்லை, ஹால்கெட்டின் 30ஆவது ரெஜிமென்ட்டில் இருந்த எட்வர்ட் மெக்ரெடி என்ற பிரிட்டிஷ் இளம் அதிகாரி. தங்கள் வலப்பக்கப் பின்புறமிருந்து சில பீரங்கிகள் திடீரென்று முழங்கியதையும், அந்தச் சத்தம் தன் காதுக்கு எவ்வளவு இனித்தது என்பதையும் எழுதியிருக்கிறார். யாருடைய பீரங்கி என்று அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாது. பின்னால்தான் ஃபான் டெர் ஸ்மிஸ்ஸனுடையது என்று தெரிந்துகொண்டார்.

வெலிங்டனின் ஜூன் 19 அறிக்கையில் ஷாஸே டிவிஷன் பற்றிப் பேச்சே இல்லை. ஷாஸே ஜூலையில் தன் மேலதிகாரியான பிரிட்டிஷ் தளபதி ஹில் பிரபுவுக்கு மரியாதையாக, ஆனால் கடுப்போடு ஒரு கடிதம் எழுதினார். ஹில் பதிலில் தாம் வெலிங்டனிடம் இதைச் சொன்னதாக ஒப்புக்கொண்டார். அவ்வளவுதான். சைபோர்ன் 1830களில் சாட்சி திரட்டியபோது கடிதம் போனது பெரும்பாலும் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு. அவர்கள் தங்கள் முன்னால் புகையில் பார்த்ததை எழுதினார்கள். பக்கத்தில் யார் சுட்டார் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? மெக்ரெடி மாதிரி தேடிக் கண்டுபிடித்தவர்கள் குறைவு. சைபோர்னுக்கு க்னோப் என்ற டச்சு அதிகாரி 1846இல் நூலாகவே பதில் எழுதினார். அது டச்சில் இருந்ததால் லண்டனில் யார் படிப்பது!

#12 செங்கோட்டு வீரன்

பீரங்கி விஷயத்தில் உங்கள் பக்கம் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாட்டர்லூவில் நெதர்லாந்தின் பைலாண்ட் படையணி பிரெஞ்சு ஜெனரல் தேர்லோனின் தாக்குதலில் பின்வாங்கியதை யாரும் மறுக்க முடியாது, டச்சு-பெல்ஜியக் கனரகக் குதிரைப்படை பற்றி பிரிட்டிஷ் குதிரைப்படைத் தளபதி அக்ஸ்பிரிட்ஜ் புகார் செய்ததையும் மறுக்க முடியாது. ஆக, பீரங்கிப்படை நன்றாக இருந்தது, மற்றவை கலவை. என் நிலை அதுதான்.

'ஐந்து எஜமானர்' கேள்விக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை. 1799ஐ மனதில் வையுங்கள் என்றீர்களே?

#13 கந்தகப்புகை

பைலாண்ட் படையணி இரண்டு நாள் முன்பு கத்ர் பிராவில் முதல் அடியை வாங்கியது. அதற்கு வேறு இழை வேண்டும்.

1799க்கு வருகிறேன். கட்சி மாறுவதே இவர்கள் குணம் என்றால், மாறுவதற்கு மிக வசதியான நாள் 1799 செப்டம்பர். பழைய ராஜவம்சம் வாசலில், கடற்படை ஏற்கெனவே போயாச்சு, பிரிட்டிஷ் தங்கம் தயார். அன்றைக்கு நின்று சுட்டார்கள். 1815 ஜூன் 15 மாலையும் அதே மாதிரி ஒரு நாள், எதிர்த் திசையில். அன்றைக்கும் நின்று சுட்டார்கள். ஐந்து ஆட்சிக்கு இடையிலான இந்த நான்கு மாற்றத்தில் ஒன்றைக்கூட கன்னர்கள் செய்யவில்லை. ஹேக்கிலும் பாரிஸிலும் ஆட்சி மாறியது. மறுநாள் காலை பீரங்கிக் கொட்டடியில் கொடி மாறியிருந்தது. களத்தில் பீரங்கியைத் திருப்பிக்கொண்டு எதிரியிடம் போன குதிரைப் பீரங்கி பேட்டரி ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம்.

நெப்போலியன் ரஷ்யாவிலிருந்து பின்வாங்கியபோது கடந்த பெரேசினா ஆற்றின் பாலத்தையும் சொல்ல வேண்டும். 1812 நவம்பர் கடைசியில் ஜெனரல் எப்ளேயின் 400 பேர் அளவிலான பாலம் கட்டும் படை பனிக்கட்டி மிதக்கும் ஆற்றில் மார்பளவு தண்ணீரில் நின்று இரண்டு பாலம் போட்டது. அதில் கேப்டன் பென்தின் தலைமையில் டச்சுக் கம்பெனி ஒன்று. குதிரைப் பீரங்கி இல்லை, ஆனால் அதே டச்சுப் பீரங்கித் துறையிலிருந்து 1810இல் பிரெஞ்சு ராணுவத்துக்குள் போனவர்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. எப்ளேயும் டிசம்பர் கடைசியில் கோனிக்ஸ்பெர்க்கில் இறந்தார். நெப்போலியனுக்காகச் செய்தார்கள் என்று சொல்லலாம்தான். அந்தத் தண்ணீரில் நின்றவன் அக்கரை போக வேண்டிய ஆட்களைத்தான் பார்த்திருப்பான்.

#14 மின்மினி

1815க்குப் பிறகு இவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்?

#15 கந்தகப்புகை

நெதர்லாந்தும் பெல்ஜியமும் 15 வருடம் ஒரே நாடு. 1830இல் பெல்ஜியம் பிரிந்தபோது வாட்டர்லூவில் ஒரே டிவிஷனில் நின்றவர்கள் இரண்டு பக்கம் ஆனார்கள். ஃபான் டெர் ஸ்மிஸ்ஸன் பெல்ஜிய ஜெனரல் ஆனார். ஆனால் 1841இல் ஆரஞ்சு வம்சத்தைத் திரும்பக் கொண்டுவரும் சதியில் மாட்டிக்கொண்டார். மஞ்சள் குதிரையாளர்கள் வடக்கே நெதர்லாந்தோடு போய், ஆர்னெம் நகரில் 1940 வரை முகாமிட்டிருந்தார்கள்.

ஷாஸே கதை இன்னும் மேலே. 1832இல் ஆண்ட்வெர்ப் கோட்டையை டச்சுக்காக அவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, முற்றுகை போட்டது பிரெஞ்சு மார்ஷல் ஜெரார். 1815இல் லீன்யி களத்தில் நெப்போலியனின் கார்ப்ஸ் தளபதியாக இருந்த அதே ஜெரார். பெல்ஜியர்கள் 24 அங்குல வாய் கொண்ட ராட்சத மோர்ட்டார் ஒன்றை அந்த முற்றுகைக்குக் கொண்டுவந்தார்கள். டிசம்பர் 23இல் ஷாஸே சரணடைந்தார், வயது 67.

#16 ஓய்வுபெற்ற கன்னர்

24 அங்குலமா? அதைத் தூக்கி வெச்ச மேடை என்ன மரம், ஒரு குண்டு எத்தனை கிலோ, எப்படிக் கொண்டு போனாங்க, முழுக்க எழுது தம்பி. இந்த இழையில வேணாம், காவலர் கோச்சுக்குவாரு. ஆண்ட்வெர்ப்னு புதுசா ஒண்ணு தொடங்கு, நான் வர்றேன்.